ஜெர்மனியில் மெக்கானிக்கல் வேலை: சான்சென்கார்ட்டே எடுத்துப் போய்த் தேடுவதா, இங்கிருந்தே வேலை வாங்கிக்கொண்டு போவதா?

கோவைப்பட்டறை கேட்கிறார்:

வணக்கம். வயது 33. 2014இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனியார் கல்லூரி. கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் சிஎன்சி ப்ரோகிராமிங், புரொடக்‌ஷன் பிளானிங் இரண்டிலுமாக 9 வருட அனுபவம். ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 சான்றிதழ் கையில் இருக்கிறது, ஏ2 வகுப்பு போய்க்கொண்டிருக்கிறது. கல்யாணமாகிவிட்டது, ஒரு குழந்தை.

இங்கே ஒரு கன்சல்டன்சி மூன்றரை லட்சம் கேட்கிறது. அதில் புள்ளிக் கணக்கு பார்ப்பது, சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக ஒட்டும் சான்று), ஏபிஎஸ் சான்றிதழ் (கல்விச் சான்றுகளின் சரிபார்ப்பு), சான்சென்கார்ட்டே (அங்கே போய் வேலை தேட அனுமதிக்கும் அட்டை) விசா விண்ணப்பம் எல்லாம் அடக்கமாம். "போய் இறங்கினால் இரண்டு மாதத்தில் வேலை நிச்சயம்" என்கிறார்கள். என் கேள்விகள்:

இந்தச் செலவில் எது உண்மையிலேயே தேவை? சான்சென்கார்ட்டே நல்ல வழியா, நேராக வேலைக்கு விண்ணப்பிப்பது நல்லதா? சம்பளம் எவ்வளவு இருந்தால் ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) கிடைக்கும்? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, கிவன் நேமில் மட்டும் பெயர் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறது. இதனால் சிக்கல் வருமா?

---

ரைன்கரை எழுதுகிறார்:

முதலில் அந்த மூன்றரை லட்சத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

ஏபிஎஸ் படிக்கப் போகும் மாணவர்களுக்கானது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம். வேலை விசாவுக்கு அது தேவையில்லை. அப்போஸ்டிலும் வீண். அப்போஸ்டிலுக்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டிலை ஜெர்மன் அலுவலகங்கள் ஏற்பதில்லை. வளைகுடாவுக்கு அனுப்பிப் பழகிய கன்சல்டன்சிகள் அந்தப் பட்டியலை அப்படியே ஜெர்மனிக்கும் நீட்டுகிறார்கள்.

புள்ளிக் கணக்கு இன்னும் வேடிக்கை. சான்சென்கார்ட்டேயில் இரண்டு வாசல் உண்டு. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று ஏற்கப்பட்டால் நீங்கள் 'ஃபாக்கிராஃப்ட்', அதாவது தகுதிபெற்ற பணியாளர். அந்த வாசலில் புள்ளியே எண்ணுவதில்லை, மொழிச் சான்றும் கட்டாயமில்லை. பட்டம் முழுமையாக ஏற்கப்படாதவர்களுக்குத்தான் 6 புள்ளி விதி. ஒரு பேச்சுக்கு எண்ணினாலும் உங்களுக்கு 6 வந்துவிடும்: 35 வயது தாண்டாததால் 2, கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவத்துக்கு 3, பொறியாளர் தட்டுப்பாட்டுத் தொழில் என்பதால் 1. ஏ2 பாஸ் செய்தால் இன்னொன்று. இதை எண்ணிச் சொல்ல யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

ஆக, எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது 'அனபின்', வெளிநாட்டுப் பட்டங்களின் ஏற்பைக் காட்டும் தகவல்தளம். இலவசம். ஜெர்மன் மொழியில் இருக்கும், உலாவியின் மொழிபெயர்ப்பே போதும். அதில் இரண்டு தேடல் செய்ய வேண்டும், பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது நிறுவனம். இங்கே கல்லூரிப் பெயரைத் தேடாதீர்கள், பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள். பக்கத்தில் 'எச் பிளஸ்' என்று இருக்க வேண்டும். 'எச் பிளஸ் மைனஸ்' என்றிருந்தால் சில படிப்புகள் மட்டும் ஏற்கப்படும். 'எச் மைனஸ்' என்றால் ஏற்பு இல்லை. இரண்டாவது பட்டத்தின் வகை. 'பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங்' என்ற பதிவைத் திறந்து, மதிப்பீட்டில் 'என்ட்ஷ்ப்ரிஷ்ட்' (ஒத்தது) அல்லது 'கிளைஷ்வெர்டிக்' (நிகரானது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்தையும் பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். விசா விண்ணப்பத்தில் அதுவே ஆதாரம்.

பதிவு இல்லாமலோ 'பெடிங்ட்' (ஓரளவுக்கு மட்டும்) என்று இழுத்தோ இருந்தால் பான் (Bonn) நகரில் இருக்கும் சாப் (ZAB) என்ற அலுவலகத்தில் பட்ட மதிப்பீடு வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ, விண்ணப்பம் இணையத்தில்தான். ப்ரொவிஷனல் சான்றிதழோடு நிற்காமல் பட்டமளிப்புச் சான்றிதழையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் வேண்டும்.

ஆக உண்மையில் தேவைப்படும் செலவு: தேசிய விசா கட்டணம் 75 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம், மொழித் தேர்வு, தேவைப்பட்டால் சாப் மதிப்பீடு.

"வேலை நிச்சயம்" என்று சொல்பவர் வேலைக்கு ஆள் அனுப்புபவர் ஆகிறார். 1983ஆம் ஆண்டு குடியகல்வுச் சட்டப்படி அவரிடம் பதிவுச் சான்று இருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் உண்டு. கேட்டால் "நாங்கள் விசா ஆலோசனை மட்டும்தான்" என்பார்கள். அப்படியென்றால் வேலை நிச்சயம் என்ற வாக்கை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

---

பிரிவு18 எழுதுகிறார்:

ரைன்கரை சொன்னதோடு சேர்த்து, சம்பளமும் அனுமதி வகையும். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

ப்ளூ கார்டுக்கு (ஜெர்மன் வசிப்புச் சட்டத்தின் பிரிவு 18ஜி) 2026இல் ஆண்டு மொத்தச் சம்பளம் 50,700 யூரோ. தட்டுப்பாட்டுத் தொழில்களுக்கும், பட்டம் பெற்று மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும் 45,934.20 யூரோ. பொறியாளர் வேலை தட்டுப்பாட்டுப் பட்டியலில் வருவதால் உங்களுக்கு இரண்டாவது தொகை. மாதம் பார்த்தால் 3,827.85. ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும். இந்த வரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் ஏறும் (2025இல் 48,300, 43,759.80). ஆகவே வருடக் கடைசியில் விண்ணப்பிப்பவர்கள் வரம்பின் விளிம்பில் சம்பளம் பேசக் கூடாது.

வரம்புக்குள் எது சேரும்? ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதிய தொகை மட்டும். பதின்மூன்றாம் மாதச் சம்பளம் உறுதி என்று எழுதியிருந்தால் சேரும். "கம்பெனி லாபத்தைப் பொறுத்து போனஸ்" சேராது. உதாரணத்துக்கு மாதம் 3,600 என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு 43,200, வரம்பு எட்டவில்லை. அதே 3,600 பதின்மூன்று மாதம் என்று உறுதியாக எழுதினால் 46,800, தாண்டிவிட்டது. கம்பெனி கொடுக்கும் பணம் பல சமயம் ஒன்றுதான், எழுதும் விதம்தான் மாறுகிறது.

50,700க்கு மேல் போனால் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை. கீழ் வரம்பில் வந்தால் ஒப்புதல் வேண்டும். அவர்கள் பார்ப்பது, அதே ஊரில் அதே வேலைக்கு ஜெர்மானியர் வாங்கும் சம்பளமும் வேலை நேரமும் உங்களுக்கும் கிடைக்கிறதா என்பது. இதற்காகக் கம்பெனி 'எர்க்லேருங் ட்ஸும் பெஷெஃப்டிகுங்ஸ்ஃபெர்ஹெல்ட்னிஸ்' என்ற படிவத்தை நிரப்பித் தரும். பெயர் நீளம், படிவம் சில பக்கம்தான். அதில் எழுதும் சம்பளம், வார மணிநேரம், விடுப்பு நாள் எல்லாம் ஒப்பந்தத்தோடு எண்ணுக்கு எண் ஒத்துப்போக வேண்டும். ஒப்பந்தத்தில் 40 மணி, படிவத்தில் 38 மணி என்றிருந்தாலே கேள்வி எழுப்பித் திருப்பி அனுப்புவார்கள், வாரக்கணக்கில் தாமதம்.

ப்ளூ கார்டுக்குச் சம்பளம் மட்டும் போதாது, வேலை பட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெஷின் ஓட்டும் வேலை தொழிற்பயிற்சி அளவிலான வேலை. 47,000 கொடுத்தாலும் அதற்கு ப்ளூ கார்டு நியாயமாகக் கிடைக்காது. அங்கேதான் அதே சட்டத்தின் பிரிவு 18பி அனுமதி வருகிறது. பட்டம் உள்ளவர் எந்தத் தகுதிப் பணிக்கும் போகலாம் என்று 2023 நவம்பரிலிருந்து விதி தளர்ந்திருக்கிறது. பட்டத்துக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை, ஆனால் வேலை குறைந்தது தொழிற்பயிற்சி பெற்றவர் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். பெட்டி தூக்கும் வேலைக்கு 18பி இல்லை. 45 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 18பியில் நிலையான சம்பள வரம்பும் கிடையாது, ஊர்ச் சம்பளம் இருந்தால் போதும்.

பட்டம் ஏற்கப்படாமல் போனவர்களுக்கு பிரிவு 19சி இரண்டாம் உட்பிரிவு இருக்கிறது. சொந்த நாட்டில் அரசு அங்கீகரித்த இரண்டு வருடத்துக்குக் குறையாத படிப்பும், கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவமும், 2026இல் 45,630 யூரோ சம்பளமும் வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். டிப்ளமோ முடித்த நண்பர்கள் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் எழுதினேன்.

இன்னொரு பொறி. ஜெர்மனியில் பொறியாளர்களை எடுக்கும் கம்பெனிகளில் கணிசமானவை ஆள் வாடகைக் கம்பெனிகள். உங்களை வேலைக்கு எடுத்து வேறொரு ஆலையில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். ஒப்பந்தத்தில் 'ஆர்பைட்நேமர்யூபர்லாஸுங்' என்றோ 'லைஹாஆர்பைட்' என்றோ பார்த்தால் நில்லுங்கள். வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவைப்படும் எந்த அனுமதியிலும் இப்படிப்பட்ட வேலைக்கு ஒப்புதலை மறுத்தே ஆக வேண்டும் என்று பிரிவு 40 சொல்கிறது. 50,700க்கு மேல் ஒப்புதல் தேவைப்படாத ப்ளூ கார்டில் மட்டும் தப்பலாம். நேர்காணலில் எல்லாம் நன்றாகப் போய், விசாவில் போய் முட்டும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

---

மாலைவகுப்பு எழுதுகிறார்:

மேலே இருவரும் சான்சென்கார்ட்டேயை ஓரங்கட்டிவிட்டது மாதிரி இருக்கிறது. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

ஐடி ஆட்களுக்கு ஆங்கிலத்திலேயே வேலை கிடைக்கும், இங்கிருந்தே ஜூமில் பேசி முடிக்கலாம். மெக்கானிக்கல் அப்படியல்ல. வேலை இருப்பது பெர்லினில் இல்லை. டுட்லிங்கன் பக்கம் அறுவைக் கருவிகள் செய்பவர்கள், ஹைல்ப்ரான், கிழக்கு வெஸ்ட்ஃபாலியா, ஸ்வாபியப் பகுதியின் சின்ன ஊர்கள், நூறு இருநூறு பேர் வேலை செய்யும் குடும்பக் கம்பெனிகள். ஷிஃப்ட் மாறும்போது ஃபோர்மேனிடம் பேச வேண்டும், வரைபடத்தில் குறிப்பு ஜெர்மனில் இருக்கும், பாதுகாப்புப் பயிற்சி ஜெர்மனில் நடக்கும். பி1 (ஏ2வுக்கு அடுத்த மொழி நிலை) இல்லாமல் இந்தக் கம்பெனிகள் விண்ணப்பத்தைத் திறப்பதே அபூர்வம். இதற்கு முன் வெளிநாட்டு ஆளை எடுத்தே இராத கம்பெனிக்கு, நேரில் வந்து இரண்டு வாரம் வேலை செய்து காட்டுபவர் மேல் நம்பிக்கை வரும். சான்சென்கார்ட்டேயில் அதற்கு அனுமதி உண்டு: ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு வாரம் வரை சோதனை வேலை, கூடவே வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை.

ஆனால் பி1 முடிக்காமல் அதில் போகவே போகாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 2025இல் மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு 13,092 யூரோ முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) காட்ட வேண்டியிருந்தது. யூரோவுக்கு நூறு ரூபாய் என்று குறைத்துப் போட்டாலே பதின்மூன்று லட்சத்துக்கு மேல். மாதாமாதம் அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வீடு கொடுக்க உரிமையாளர்கள் தயங்குவார்கள். அந்த ஒரு வருடத்தில் மொழியும் படித்து வேலையும் தேடுவது இரட்டைச் சுமை, ஏ2விலிருந்து பி1 கோவையிலேயே உட்கார்ந்து படித்தால் பத்தில் ஒரு பங்கு செலவு. வேலை கிடைத்தாலும், வெளிநாட்டினர் அலுவலகம் அனுமதியை மாற்றித் தரும்வரை முழுநேரம் வேலை செய்ய முடியாது. பெரிய நகரங்களில் அந்தச் சந்திப்பு கிடைக்கவே மாதங்கள் ஆகும், கம்பெனி காத்திருக்க வேண்டும்.

என் யோசனை: பி1 முடியும்வரை இங்கிருந்தே விண்ணப்பியுங்கள். பி1 முடித்து ஆறேழு மாதம் விண்ணப்பித்தும் நேர்காணல் வரை வந்து நின்றுபோகிறது என்றால், அப்போது சான்சென்கார்ட்டே. பி1 கையில் இருந்தும் நேர்காணலே வரவில்லை என்றால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது, அங்கே போய் இறங்கினாலும் அது தீராது.

அந்த 'வேறு எங்கோ' பெரும்பாலும் காகிதத்தில்தான். நம் ஊர் அனுபவச் சான்றிதழில் "இன்னார் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை சீனியர் இன்ஜினியராகப் பணிபுரிந்தார், நடத்தை நன்று" என்று மூன்று வரி இருக்கும். ஜெர்மன் கம்பெனிக்கு அதில் ஒன்றுமில்லை. அவர்கள் எதிர்பார்ப்பது 'ஆர்பைட்ஸ்ட்ஸாய்க்னிஸ்', என்ன செய்தீர்கள் என்று விரிவாகச் சொல்லும் பணிச் சான்று. இப்போதே உங்கள் மேலாளரிடம் கேட்டு லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். எந்தக் கன்ட்ரோலர் (சீமென்ஸ் சினுமெரிக்கா, ஹைடன்ஹைனா, ஃபானுக்கா), எத்தனை ஆக்சிஸ், எந்தப் பொருள், எந்த டாலரன்ஸ், எந்த சிஏஎம் (CAM) மென்பொருள், எஸ்ஏபி மென்பொருளின் உற்பத்தித் திட்டமிடல் (பிபி) மாட்யூல் தொட்டிருக்கிறீர்களா, ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரநிலைத் தணிக்கையில் என்ன பங்கு. உங்களுடையது பம்ப் உதிரிபாகம், அது நல்லது. பம்ப், வால்வ் செய்யும் கம்பெனிகள் ஜெர்மனியில் ஏராளம். அவர்களுக்கு உங்கள் அனுபவம் நேராகப் புரியும்.

தேட வேண்டிய பதவிப் பெயர்களும் முக்கியம். 'மெக்கானிக்கல் இன்ஜினியர்' என்று தேடினால் வடிவமைப்பு வேலைகளாக வரும். உங்களுக்கு 'ஆர்பைட்ஸ்ஃபோர்பெரைட்டர்' (வேலை முன்தயாரிப்பாளர்), 'ஃபெர்டிகுங்ஸ்பிளானர்' (உற்பத்தித் திட்டமிடுபவர்), 'என்சி ப்ரோக்ராமியரர்' (என்சி ப்ரோகிராமர்), 'ப்ரோட்ஸெஸ்இங்கெனியர்' (ப்ராசஸ் இன்ஜினியர்). வேலைவாய்ப்பு முகமையின் தளம், 'மேக் இட் இன் ஜெர்மனி', ஸ்டெப்ஸ்டோன் மூன்றும் போதும். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத வாழ்க்கைக் குறிப்பு, ஜெர்மனில். அப்பா பெயர், சாதி, பாஸ்போர்ட் எண், 'ஐ ஹியர்பை டிக்ளேர்' எல்லாம் வேண்டாம். "பட்டம் அனபினில் எச் பிளஸ், ப்ளூ கார்டுக்குத் தகுதி உண்டு" என்று மேலேயே ஒரு வரி. விசா என்றாலே பயப்படும் சின்னக் கம்பெனிக்கு அந்த வரி பாதி வேலையைச் செய்துவிடும்.

---

கோவைப்பட்டறை எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. அனபின் பார்த்தேன், பல்கலைக்கழகம் எச் பிளஸ், பி.இ. பதிவில் 'என்ட்ஷ்ப்ரிஷ்ட்' இருக்கிறது. கன்சல்டன்சிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கம்பெனியோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அனுப்பிய வரைவு ஒப்பந்தத்தில் பதவி 'ட்ஸெர்ஷ்பானுங்ஸ்மெக்கானிக்கர்', சம்பளம் ஆண்டுக்கு 44,000. ஆனால் நேர்காணலில் பேசிய வேலையில் ப்ரோகிராம் எழுதுவதும் பிளானிங்கும்தான் அதிகம். பதவிப் பெயரை மட்டும் 'இன்ஜினியர்' என்று மாற்றித் தரச் சொல்லலாமா?

---

பிரிவு18 எழுதுகிறார்:

பெயரை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். பணி விவரத்தையே உண்மைக்கு ஏற்ப எழுதச் சொல்லுங்கள். 'ட்ஸெர்ஷ்பானுங்ஸ்மெக்கானிக்கர்' என்பது மூன்றரை வருடத் தொழிற்பயிற்சிக்கான பதவி, கடைசல், மில்லிங் மெஷின் ஆள். அதைப் பார்த்ததும் அதிகாரி பட்டத்துக்கு ஏற்ற வேலை இல்லை என்று குறிப்பார். பெயர் இன்ஜினியர், கீழே விவரத்தில் மெஷின் செட்டிங், பீஸ் மாற்றுதல் என்று இருந்தால் இன்னும் மோசம், முரண் வெளிச்சமாகத் தெரியும்.

உண்மையான வேலை பிளானிங், என்சி ப்ரோகிராம், ஃபிக்ஸ்சர் வடிவமைப்பு, நேரக் கணக்கு என்றால் அது 'ஆர்பைட்ஸ்ஃபோர்பெரைட்டுங்' (வேலை முன்தயாரிப்பு) பொறியாளர் வேலை. அவற்றைச் சதவீதத்தோடு எழுதச் சொல்லுங்கள். கம்பெனி ஒப்புக்கொண்டால் சம்பளத்தையும் அதே மூச்சில் பேசுங்கள். 44,000லிருந்து 45,934.20க்கு இடைவெளி 1,934.20 யூரோதான், மாதம் 162க்குள். "இந்த எண் வந்தால் ப்ளூ கார்டு, வராவிட்டால் வேறு அனுமதி" என்று காரணத்தோடு கேட்டால் பெரும்பாலும் 46,500 அளவில் முடித்துவிடுவார்கள். வேலைவாய்ப்பு முகமையின் 'என்ட்கெல்ட்அட்லஸ்' தளத்தில் அந்த மாநிலத்தில் அந்தப் பதவிக்கு நடுச் சம்பளம் என்ன என்று இலவசமாகப் பார்க்கலாம். பேசும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் சம்பளம் பொதுவாக உயரம், 44,000 ஒப்புதல் பரிசோதனையில் குறைவு என்று அடிபடவும் வாய்ப்பு உண்டு.

வேலை நிஜமாகவே மெஷின் வேலைதான் என்று கம்பெனி சொன்னால், 18பியில் அதே ஒப்பந்தத்தோடு போகலாம். கேவலம் ஒன்றுமில்லை. என்ன வித்தியாசம் என்றால், ப்ளூ கார்டில் ஏ1 ஜெர்மனோடு 27 மாதத்தில், பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். 18பியில் 36 மாதம். மனைவிக்கு இரண்டு வழியிலும் ஏ1 சான்று கேட்க மாட்டார்கள், வந்ததும் வேலையும் செய்யலாம்.

கம்பெனி உங்களுக்காக வேகமாக முடிக்க விரும்பினால் பிரிவு 81ஏ துரித வழி இருக்கிறது. நீங்கள் கம்பெனிக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்க, அவர்கள் உள்ளூர் வெளிநாட்டினர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விண்ணப்பிப்பார்கள். முன் ஒப்புதல் கடிதம் வந்ததும் அதைக் காட்டிச் சந்திப்பு கேட்டால் மூன்று வாரத்துக்குள் தேதி, முழு விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து மூன்று வாரத்துக்குள் முடிவு என்பது விதி. 75 யூரோ விசா கட்டணம் தனி. சின்ன ஊர் அலுவலகம் என்றால் இது நன்றாக ஓடும்.

விண்ணப்பத்தில் கவனமாக இருக்க இன்னொரு காரணம்: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். "முதலில் போட்டுப் பார்ப்போம், கேட்டால் கொடுப்போம்" என்ற பழைய அறிவுரைகளை மறந்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை அனுமதியாக மாற்றலாம் என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். இந்தியக் குடிமக்கள் உரிய தேசிய விசாவோடுதான் நுழைய வேண்டும், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

---

ரைன்கரை எழுதுகிறார்:

பாஸ்போர்ட் பெயர்க் கேள்வி அப்படியே நிற்கிறது. நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி இது.

சர்நேம் காலியாக இருந்தாலும் விசா கிடைக்கும். பிறகுதான் தொல்லை. ஜெர்மன் பதிவுகளில் குடும்பப் பெயர் இல்லாமல் ஆளே இல்லை. உங்கள் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயரில் கோடு போடுவார்கள். வங்கி அந்தக் கோட்டை ஏற்காது, காப்பீட்டில் பெயரை இரண்டு தடவை அடிப்பார்கள், சம்பளப் பிரிவு ஒப்பந்தத்தில் அப்பா பெயரைச் சேர்த்து எழுதும். நான்கு இடத்தில் நான்கு பெயர். அங்கே போன பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் வசிப்பு அனுமதி அட்டையிலிருந்து வரி எண் வரை எல்லாவற்றையும் திருத்த வேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை மறுவழங்கலுக்குக் கொடுத்து, அப்பா பெயரையோ இனிஷியலின் விரிவையோ சர்நேமாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று யோசித்துச் செய்யுங்கள்: அங்கே எல்லோரும் உங்களை அந்தக் குடும்பப் பெயரில்தான் 'ஹெர்' (திரு) போட்டுக் கூப்பிடுவார்கள். அப்பா பெயரைப் போட்டால் அலுவலகம் முழுக்க அப்பாவைக் கூப்பிடும். மனைவி, குழந்தை பாஸ்போர்ட்டையும் சேர்த்தே பாருங்கள். மூன்று பேருக்கு மூன்று விதமாக இருந்தால் குடும்ப விசாவில் உறவை நிரூபிக்கத் தாள் கூடிக்கொண்டே போகும். பட்டச் சான்றிதழில் இனிஷியல் இருப்பதற்கு, இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி இணைத்துவிடுங்கள்.

---

வீட்டுத்திறவுகோல் எழுதுகிறார்:

இறங்கிய பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன், மேலே யாரும் தொடவில்லை.

வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் 'ஆன்மெல்டுங்' (முகவரிப் பதிவு) செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' (குடியேறியதற்கான உறுதிச் சான்று) வேண்டும். குறுகிய கால வாடகை இடம் பிடிக்கும்போது "ஆன்மெல்டுங் செய்யத் தருவீர்களா" என்று முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பலர் தர மாட்டார்கள். இது ஆகாமல் வரி எண் தபாலில் வராது, வரி எண் இல்லாவிட்டால் முதல் சம்பளத்தில் வரியை, அதிகம் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் பிடிக்க நேரும், கிட்டத்தட்ட பாதி போய்விடும். பிறகு சரிசெய்து திருப்பித் தருவார்கள், ஆனால் முதல் மாதத்தில்தான் பணம் அதிகம் வேண்டியிருக்கும். வாடகை முன்பணம் சட்டப்படி மூன்று மாதக் குளிர் வாடகைக்கு (வெப்பமூட்டல் போன்ற கூடுதல் செலவு சேராத வாடகை) மேல் கேட்கக் கூடாது.

46,500 மொத்தத்தில் முதல் வரி வகுப்பில் கைக்கு மாதம் 2,500 யூரோவைச் சுற்றி வரும். மனைவி வந்து சேர்ந்ததும் மூன்றாம் வகுப்புக்கு மாற்றிக்கொண்டால் கொஞ்சம் ஏறும். அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில் வருமானமில்லாத மனைவியும் குழந்தையும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்வார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே குடும்பஸ்தர்கள் தனியார் காப்பீட்டுத் தரகர்களிடமிருந்து விலகி இருக்கலாம்.

விசா முடியும் முன்பே வசிப்பு அனுமதி அட்டைக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சந்திப்பு கிடைக்காவிட்டாலும் விண்ணப்பம் பதிவானதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். இடைக்காலத் தாளாக 'ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங்' தருவார்கள். அதில் பிரிவு 81 நான்காம் உட்பிரிவுக் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். அது இருந்தால்தான் பழைய அனுமதி தொடர்வதாகக் கணக்கு, ஊருக்குப் போய்த் திரும்பி வரவும் முடியும்.

முதல் ஆறு மாதம் வழக்கமாகத் தகுதிகாண் காலம், இரண்டு வார அறிவிப்பில் இரு தரப்பும் விலகலாம். வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். விலக்கல் கடிதம் கையில் வந்த மூன்று நாளில் வேலைவாய்ப்பு முகமையில் வேலை தேடுபவராகப் பதிய வேண்டும், தவறினால் வேலையில்லாதோர் உதவித்தொகையில் ஒரு வாரம் வெட்டு. உதவித்தொகைக்கே கடைசி 30 மாதத்தில் 12 மாதச் சந்தா தேவை. ப்ளூ கார்டில் முதல் 12 மாதத்துக்குள் கம்பெனி மாறினால் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு மாறுங்கள். அவர்கள் 30 நாள் வரை நிறுத்தி வைத்துச் சரிபார்க்கலாம்.

கடைசியாக, உங்கள் கம்பெனி ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருந்தால், காலை ஷிஃப்டுக்குப் பேருந்து இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே குடியேறியதிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். உரிமத்தின் மொழிபெயர்ப்பை இங்கிருந்தே எடுத்துப் போய், அந்த ஆறு மாதத்துக்குள்ளாகவே பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள்.